கட்டப்படாத கப்பல்களும் தோண்டப்பட்ட பள்ளங்களும்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கடலில் மிதந்த பெரும் போர்க்கப்பல்களைப் பற்றி நூல்கள் ஏராளம். அதே காலத்தில் வரைபடத் தாளில் பிறந்து, அந்தத் தாளிலேயே முடிந்துபோன கப்பல்களும் பல உள்ளன. அவற்றுள் சில, மிதந்தவற்றைவிட இருமடங்கு, மும்மடங்கு பெரியவை. இவற்றுக்கென இணையத்தில் ஓர் ஆர்வலர் கூட்டமே இருக்கிறது. எந்தக் கப்பலின் பீரங்கி பெரிது, எதன் கவசம் தடிமன், இரண்டும் எதிரெதிரே நின்றிருந்தால் எது வென்றிருக்கும் என்ற விவாதம் அங்கு ஓய்வதில்லை. அந்த விவாதத்தில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போகிறது. 108 அடி அகலம் என்றோ 345 மீட்டர் நீளம் என்றோ ஒரு வரைவாளர் தாளில் குறிக்கும்போது, அந்த எண்ணை அவருக்கு வழங்கியது எது?

பீரங்கியும் கவசமும் ஒரு பகுதி விடையே. எஞ்சிய பகுதி நிலத்தில் இருக்கிறது. கப்பல் கட்டப்படும் துறை, பழுதுபார்க்கப்படும் துறை, கடந்து செல்லும் கால்வாய், கவசத் தகடு வார்க்கும் உருக்காலை, இவை அனைத்துக்கும் பணம் ஒதுக்கும் கருவூலம் ஆகியவையே ஒரு போர்க்கப்பலின் அளவைத் தீர்மானித்தன. கட்டப்படாத பெருங்கப்பல்களின் வரலாற்றை இந்தக் கோணத்தில் வாசித்தால், அவற்றை வரைந்த அரசுகள் அன்று எந்த நிலையில் இருந்தன என்பது தெளிவாகும்.

நிலம் தந்த அளவு

1906 பிப்ரவரியில் பிரிட்டன் நீரில் இறக்கிய 'டிரெட்நாட்' என்ற கப்பல், பத்து 12 அங்குலப் பீரங்கிகளுடன் அதற்கு முந்தைய போர்க்கப்பல்கள் அனைத்தையும் பழையனவாக்கியது. ஒரு கப்பலின் இயற்பெயரே அவ்வகைக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக மாறியது. பிற நாடுகளும் அதைப்போன்ற கப்பல்களைக் கட்டத் தொடங்கியபோது, முதல் சிக்கல் கரையிலேயே எழுந்தது. பால்டிக் கடலையும் வட கடலையும் இணைக்கும் கீல் கால்வாயில் புதிய அளவுக் கப்பல்களைச் செலுத்த ஜெர்மனியால் இயலவில்லை. 1907இல் தொடங்கிய கால்வாய் விரிவாக்கம் 1914 ஜூனில்தான் நிறைவுற்றது. கப்பலைக் கட்ட மூன்று ஆண்டுகள் போதும். கப்பலுக்கேற்ற கால்வாயைத் தோண்ட ஏழு ஆண்டுகள் ஆயின.

பனாமா கால்வாயின் நிலையும் இதுவே. கடல்மட்டத்திற்கு மேலுள்ள கால்வாய்க்குக் கப்பல்களை ஏற்றி இறக்க, இருபுறமும் கதவுகள் கொண்ட பெருந்தொட்டிகள் அங்கே கட்டப்பட்டன. 'லாக்' எனப்படும் இத்தொட்டிகளின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற விவாதத்தில், அமெரிக்கக் கடற்படை 1908இல் 118 அடி கேட்டது. முடிவில் கிடைத்தது 110 அடி, அதாவது சுமார் 33.5 மீட்டர். நீளம் 1,000 அடி. அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் ஒரே கடற்படையை வைத்து இயங்கும் நாட்டுக்கு, இந்தக் கற்காரைச் சுவர்களே அதன் எந்தப் போர்க்கப்பலும் மீற முடியாத எல்லையாயின.

செனட்டர் டில்மன் கேட்ட கேள்வி

தென் கரோலினாவின் பெஞ்சமின் டில்மன், முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க செனட்டின் கடற்படைக் குழுத் தலைவராக இருந்தவர். தம் மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த அரசியலின் முன்னணியில் நின்றவர் என்பதற்காகவே வரலாறு அவரை முதன்மையாக நினைவில் வைத்திருக்கிறது. கடற்படை விஷயத்தில் அவருக்கு வேறொரு மனக்குறை இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கடற்படை சென்ற ஆண்டைவிடச் சற்றுப் பெரிய கப்பலைக் கேட்கிறது. ஒவ்வொரு புதிய கப்பலும் முந்தையதைப் பழையதாக்குகிறது. செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் படிக்கட்டுக்கு முடிவுதான் எங்கே? கட்டக்கூடிய மிகப் பெரிய கப்பல் எதுவோ அதையே ஒரே தாவலில் கட்டிவிட்டால், அதற்குமேல் எவரும் கேட்க இயலாதல்லவா?

1912இல் ஒருமுறை எழுப்பிய இக்கேள்வியை அவர் 1916இல் மீண்டும் எழுப்பினார். கடற்படையின் வடிவமைப்பாளர்கள் 1916–17இல் அதற்கு விடையாக ஒரு வரைவு வரிசையை அளித்தனர். பனாமா லாக்கில் நுழையக்கூடிய 975 அடி நீளம், 108 அடி அகலம். தொட்டியின் சுவருக்கும் கப்பலின் விலாவுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி இடைவெளிதான். இந்த வரம்புக்குள் வேகத்தையும் கவசத்தையும் பீரங்கிகளையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்தனர். ஒரு வரைவில், ஒரே சுழல்கோபுரத்துக்கு ஆறு வீதம் நான்கு கோபுரங்களில் இருபத்துநான்கு 16 அங்குலப் பீரங்கிகள். மற்றொன்றில் பதினைந்து 18 அங்குலப் பீரங்கிகள். வரிசையின் மிகப் பெரியவை 80,000 டன்னைத் தொட்டன. 1916இல் பணிக்கு வந்த 'பென்சில்வேனியா' ஏறத்தாழ 31,400 டன்தான் என்பதோடு ஒப்பிட்டால் இந்தத் தாவலின் அளவு புரியும்.

இவ்வரைவுகளைக் கடற்படையின் பேராசைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் கேட்டவர் கடற்படையைச் சேர்ந்தவரல்லர். செலவைக் கண்டு சலித்த ஓர் அரசியல்வாதி. எண்பதாயிரம் டன் கப்பல் என்பது ஒரு வாதத்தை முடித்துவைக்க அளிக்கப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கின் நிலையான உறுப்பு கால்வாயின் அகலம். டில்மன் 1918இல் காலமானார். அமெரிக்கா பின்னர் உண்மையில் கட்டத் தொடங்கிய 'தென் டகோட்டா' வரிசைக் கப்பல்கள் 43,200 டன் அளவிலேயே நின்றன. அவையும் நிறைவுறவில்லை.

ஒப்பந்தம் வகுத்த எல்லை

அவை நிறைவுறாமல் போனதற்குக் காரணம் வாஷிங்டன் மாநாடு. 1921இல் மூன்று நாடுகள் ஒன்றையொன்று பார்த்துக் கப்பல்களைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தன. அக்டோபரில் பிரிட்டன் 'ஜி3' எனப்படும் 48,400 டன் போர்க்குரூசர்கள் நான்கினைக் கட்ட ஆணையிட்டது. 18 அங்குலப் பீரங்கிகள் தாங்கும் 'என்3' வரைவு அடுத்த நிலையில் காத்திருந்தது. ஜப்பானும் தன் 'எட்டு-எட்டு' திட்டத்தின் கடைசிக் கப்பல்களுக்கு 18 அங்குலப் பீரங்கிகளையே எண்ணியிருந்தது. அந்நாட்டின் அரசுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்போது கடற்படைக்கே போய்க்கொண்டிருந்தது.

1921 நவம்பர் 12 அன்று மாநாட்டைத் தொடங்கிவைத்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், சம்பிரதாய வரவேற்புரையை எதிர்பார்த்திருந்தோரிடம் நேரடியாகக் கணக்கை வைத்தார். மூன்று நாடுகளும் சேர்ந்து, கட்டியவையும் கட்டிக்கொண்டிருப்பவையுமாக 66 பெருங்கப்பல்களை, சுமார் 19 லட்சம் டன்னை, கைவிட வேண்டும் என்றார். சில நாட்களில் ஜி3 பணிகள் நிறுத்திவைக்கப்பட்டன. 1922 பிப்ரவரி 6 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் போர்க்கப்பலின் எடையை 35,000 டன்னாகவும் பீரங்கியை 16 அங்குலமாகவும் வரையறுத்தது. 'எட்டு-எட்டு' திட்டத்தை முன்னின்று நடத்திய ஜப்பானின் கடற்படை அமைச்சர் கட்டோ டோமோசபுரோவே இந்த வரம்பை ஏற்றுக் கையெழுத்திட்டார்.

அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கான கையெழுத்து வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியாருடையது. கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்து, கோகலேயின் மறைவுக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையேற்று, பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் அவர். பிரிட்டிஷ் பேரரசுத் தூதுக்குழுவின் உறுப்பினராக, சொந்தமாக ஒரு போர்க்கப்பலும் இல்லாத ஒரு நாட்டின் பெயரால், உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல்கள் கட்டப்படாமல் போவதற்கான ஆவணத்தில் அவர் கையொப்பமிட்டார். கடற்படை வரலாற்று நூல்கள் இதை அரிதாகவே குறிப்பிடுகின்றன. பேரரசு தன் குடியேற்ற நாட்டை எந்த இடங்களில் கையெழுத்திட மட்டும் அழைத்தது என்று ஆராய்வோருக்கு இது ஒரு நல்ல சான்று.

ஜி3 முற்றிலும் மறைந்துவிடவில்லை. மூன்று சுழல்கோபுரங்களையும் முன்புறத்திலேயே அமைக்கும் அதன் ஏற்பாடு, 35,000 டன்னுக்குள் சுருக்கப்பட்டு 'நெல்சன்', 'ராட்னி' என்னும் இரு கப்பல்களாக 1927இல் பணிக்கு வந்தது. 'வாஷிங்டன் வெட்டிய செர்ரி மரங்கள்' என்று அவற்றை ஆங்கிலேயர் கேலியாக அழைத்தனர். அமெரிக்கச் சிறுவர்களுக்குச் சொல்லப்படும் ஜார்ஜ் வாஷிங்டனின் செர்ரி மரக் கதையும், கப்பல்களை வெட்டிக் குறைத்த வாஷிங்டன் நகரமும் அதில் ஒன்றாகச் சிலேடை பெறுகின்றன.

எதிரியின் கால்வாயை வாசித்த நாடு

1934 இறுதியில் ஜப்பான் ஒப்பந்தத்திலிருந்து விலகும் முடிவை அறிவித்தது. அதற்குள் 'யமாட்டோ'வின் வரைவுப் பணி தொடங்கிவிட்டது. எண்ணிக்கையில் அமெரிக்காவோடு போட்டியிட முடியாது என்பதை ஜப்பானியக் கடற்படை அறிந்திருந்தது. ஆகவே அது பனாமா கால்வாயை உற்றுப் பார்த்தது. லாக்கில் நுழைய வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை, 18 அங்குலப் பீரங்கியைத் தாங்குமளவு அகலமான கப்பலை அமெரிக்கா எளிதில் கட்டாது. அந்தக் கட்டாயம் இல்லாத ஜப்பான் கட்டலாம். யமாட்டோவின் அகலம் 38.9 மீட்டர். பனாமா லாக்கைவிட ஐந்து மீட்டருக்கும் மேல் அதிகம். அதன் ஒன்பது 46 சென்டிமீட்டர் பீரங்கிகள் அலுவல் ஆவணங்களில் '40 சென்டிமீட்டர்' என்றே பெயரிடப்பட்டன. கப்பலை மறைப்பதற்கு முன் அதன் பெயர்ச்சொல்லை மறைத்தனர்.

அமெரிக்கா இதைக் கண்டுகொள்ளும் என்ற எதிர்பார்ப்பில் அடுத்த படியும் வரையப்பட்டது. 'ஏ-150' என்ற அந்த வரைவில் ஆறு 51 சென்டிமீட்டர் பீரங்கிகள். இங்கே தடையாக நின்றது உருக்காலை. விலாக் கவசத்துக்குத் தேவையான 46 சென்டிமீட்டர் தடிமனில் ஒரே தகட்டை வார்க்கும் திறன் ஜப்பானிய ஆலைகளுக்கு இல்லை. இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தலாம். ஆனால் அதற்கு ஒற்றைத் தகட்டின் வலிமை வராது. போர் வலுத்ததும் பணி நின்றது. யமாட்டோ வரிசையின் மூன்றாவது கப்பலான 'ஷினானோ'வே மிட்வே சமருக்குப் பின் விமானந்தாங்கியாக மாற்றப்பட்டது. போர் முடிவில் ஏ-150இன் வரைபடங்களை ஜப்பானியரே அழித்துவிட்டனர். இன்று இணையத்தில் உலவும் அதன் வண்ணப்படங்கள் அனைத்தும் எஞ்சிய சில குறிப்புகளின் மேல் கட்டிய ஊகங்கள்.

அமெரிக்காவோ கால்வாயையே அகலப்படுத்த முனைந்தது. 1940இல் அனுமதிக்கப்பட்ட ஐந்து 'மொன்டானா' வரிசைக் கப்பல்கள் 121 அடி அகலம் கொண்டவை. அவை பழைய லாக்கில் நுழையா. 140 அடி அகலமுள்ள மூன்றாவது லாக் வரிசைக்கு 1939இல் ஒப்புதல் கிடைத்து, 1940இல் தோண்டும் பணி தொடங்கியது. 1942இல் அது நிறுத்தப்பட்டது. போரின் போக்கு விமானந்தாங்கிகளின் பக்கம் சாய்ந்துவிட்ட நிலையில், 1943 ஜூலையில் மொன்டானா வரிசையும் கைவிடப்பட்டது. ஒரு கப்பலுக்குக்கூட அடிக்கட்டை இடப்படவில்லை. ஜப்பானின் கணிப்பு ஓரளவு சரிதான்: கால்வாய் அமெரிக்கக் கப்பலைக் கட்டுப்படுத்தியது. ஆனால் அந்தக் கணிப்பின்மேல் கட்டிய யமாட்டோ, 1945 ஏப்ரல் 7 அன்று, தன் பெரும் பீரங்கிகளுக்கு நிகரான எதிரிக் கப்பல் ஒன்றையும் சந்திக்காமலேயே விமானத் தாக்குதலில் மூழ்கியது.

தரையை இழந்த எண்கள்

மேற்கண்ட வரைவுகளில் ஒவ்வோர் எண்ணுக்கும் நிலத்தில் ஒரு வேர் இருந்தது. அந்த வேர் அறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் 'எச்' வரிசை எடுத்துக்காட்டு. 1939 ஜனவரியில் ஹிட்லர் ஒப்புதல் அளித்த 'இசட் திட்டத்தில்' எட்டு 40.6 சென்டிமீட்டர் பீரங்கிகள் தாங்கும் ஆறு பெருங்கப்பல்கள் இடம்பெற்றன. அவ்வாண்டுக் கோடையில் ஹாம்பர்க்கின் புளோம் உண்ட் ஃபாஸ் தளத்தில் முதல் கப்பலுக்கு அடிக்கட்டை இடப்பட்டது. போர் தொடங்கிய சில வாரங்களில் பணி நின்றது. சேர்த்த உருக்கு வேறு பணிகளுக்குப் போயிற்று.

கப்பல் நின்றபின்னும் வரைபடங்கள் நிற்கவில்லை. எச்-39ஐத் தொடர்ந்து எச்-41, எச்-42, எச்-43, எச்-44. எண்கள் ஆண்டுகளைக் குறிப்பவை. வான்வழிக் குண்டுகள் கனமாகிக்கொண்டே போக, அவற்றைத் தாங்கும் மேல்தளக் கவசத்துக்கு எவ்வளவு பெரிய கப்பல் வேண்டும் என்ற ஆய்வாக அவை வளர்ந்தன. எச்-42 ஏறத்தாழ 90,000 டன். எச்-43 ஏறத்தாழ 1,11,000. எச்-44 ஏறத்தாழ 1,31,000. இறுதி வரைவின் நீளம் 345 மீட்டர், அகலம் 51.5 மீட்டர். உண்மையில் மிதந்த 'பிஸ்மார்க்' 251 மீட்டர் நீளமும் 41,700 டன்னும் கொண்டது. 1943 ஜனவரியில் ஹிட்லர், இருக்கும் பெருங்கப்பல்களையே உடைத்துப்போட ஆணையிட்டார். அதை எதிர்த்துக் கடற்படைத் தலைவர் ரேடர் பதவி விலகினார். கட்டும் வாய்ப்பு சுருங்கச் சுருங்க, வரைவின் அளவு பெருகியது. 1944 நவம்பரில், நார்வேயில் நின்ற 'டிர்பிட்ஸ்' ஐந்து டன்னுக்கும் மேல் எடைகொண்ட பிரிட்டிஷ் குண்டுகளால் கவிழ்ந்தது. எச்-44 தேடிக்கொண்டிருந்த விடைக்கு, அதன் கேள்வியே ஒரு படி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வரைவுகளை ஜெர்மன் கடற்படையின் கட்டுமானத் திட்டமாகக் கொள்வது பிழை. கட்டும் எண்ணமின்றி நடந்த கணக்காய்வுகள் அவை. துறைமுக ஆழமும் துறைகளின் நீளமும் உருக்கு ஒதுக்கீடும் கேள்வி கேட்காத இடத்தில், பென்சிலுக்கு எல்லை இல்லாமல் போயிற்று.

பெயர்களும் பள்ளங்களும்

இக்கப்பல்களின் பெயர்களைக் கவனித்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்கள் தம் போர்க்கப்பல் வரைவுகளை ஆங்கில நெடுங்கணக்கில் 'எல்' முதல் முன்னோக்கியும், போர்க்குரூசர் வரைவுகளை 'கே' முதல் பின்னோக்கியும் குறித்தனர். 'ஜி3', 'என்3' என்பவை அங்கிருந்து வந்தவை. எண் 3, ஒரு கோபுரத்துக்கு மூன்று பீரங்கிகள் என்பதைச் சுட்டும். எச்-44, ஏ-150 ஆகியனவும் இத்தகைய குறியீடுகளே. கப்பலுக்குப் பெயரிடுவது அதை நீரில் இறக்கும்போது நிகழும் சடங்கு. அந்த நாள் வராத கப்பல்கள் எழுத்தும் எண்ணுமாகவே எஞ்சின.

பொருளாக எஞ்சியவை வேறு. ஹாம்பர்க் தளத்தில் எச் வரிசை போன்ற பெருங்கப்பல்களுக்காக 1938இல் தொடங்கப்பட்ட 'எல்பே 17' என்ற உலர்துறை, அதாவது கப்பலை உள்ளே செலுத்தி நீரை இறைத்துவிட்டு அடிப்பகுதியில் வேலை செய்யும் பெருந்தொட்டி, 351 மீட்டர் நீளமும் 59 மீட்டர் அகலமும் கொண்டது. போரைத் தாண்டி அது நிலைத்தது. 345 மீட்டர் நீளமுள்ள 'குயின் மேரி 2' என்ற பயணியர் கப்பல் அங்கேதான் பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. பனாமாவில் மொன்டானா போன்ற கப்பல்களை மனத்தில் கொண்டு 1940இல் தோண்டத் தொடங்கிய பள்ளங்களின் சில பகுதிகள், 2007இல் தொடங்கிய கால்வாய் விரிவாக்கத்தில் பயன்படுத்தப்பட்டன. 2016 ஜூனில் திறக்கப்பட்ட புதிய லாக் வழியே இன்று சரக்குப் பெட்டிக் கப்பல்கள் கடந்து செல்கின்றன. அப்பழைய லாக்கின் அளவே 'பனாமாக்ஸ்' என்ற கப்பல் வகைப் பெயராக வணிக மொழியில் நிலைத்துவிட்டது.

கட்டப்படாத கப்பல்களை ஆராய விரும்பும் மாணவர்கள் பீரங்கி அட்டவணைகளோடு துறைமுகத் திட்டங்கள், கால்வாய் விவாதங்கள், உருக்காலைக் கணக்குகள், வரவு செலவுத் திட்ட உரைகள் ஆகியவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வரைவு உண்மையான திட்டமா, பேரம் பேசும் காயா, வெறும் கணக்காய்வா என்பதைப் பெரும்பாலும் அந்தக் கரையோர ஆவணங்களே சொல்கின்றன. அந்தக் கப்பலுக்காக எங்கேனும் மண் தோண்டப்பட்டதா என்பதே அங்கு கேட்க வேண்டிய முதற்கேள்வி.